உனக்கு உப்பு வேண்டுமா?

ஏப்ரல் 19

அன்பு மகளுக்கு,

உன் அத்தை தொலைபேசியில் உன்னிடம் சொன்னது தவறு. நான் முன்னறையை வாடகைக்கு விடவில்லை. அங்கே தங்கியிருக்கும் பெண் என் விருந்தாளி. எதிர்வீட்டுப் பால்கனியில் நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரு பெட்டி உள்ளே போவது தெரியும். எந்த உறவில் போகிறது என்பது தெரியாது. நான் துரும்பாக இளைத்துவிட்டேன் என்றும் சொன்னாளாம். உடை தொளதொளவென்று இருந்தால் அது தையல்காரரின் கைவேலை.

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற கடிதத்தில் நீ தேதி போட மறந்துவிட்டாய்.

விருந்தாளி ஒரு நர்ஸ். காய்ச்சல் வார்டில் வேலை செய்கிறாள் என்பதற்காக அவள் குடியிருந்த வீட்டுக்காரர் அவள் பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டார். நம் வாசலில் வந்து நின்று, "இங்க ரூம் கிடைக்குமாங்க?" என்றாள். "கிடைக்காது. ஆனால் தங்கலாம்" என்றேன். மாதம் பிறந்ததும் பூச்சாடிக்குக் கீழே ஓர் உறையை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அது என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

நல்ல பெண். ஆனால் சாப்பாட்டு மேஜையில் எனக்குக் குறுக்கே கையை நீட்டி உப்பை எடுத்தாள். எங்கள் கான்வென்ட் விதியை அவளுக்கு விளக்கினேன். மேஜையில் எதையும் கேட்கக் கூடாது. உனக்கு உப்பு தேவைப்பட்டால் பக்கத்தில் இருப்பவளிடம், "உனக்கு உப்பு வேண்டுமா?" என்று கேட்க வேண்டும். அவள் புரிந்துகொண்டு உன் பக்கம் தள்ளுவாள். விருந்தாளி விழுந்து விழுந்து சிரித்தாள். "புரியாத ஆளு பக்கத்துல உக்காந்திருந்தா, டீச்சர்?" என்றாள். எங்கள் மேஜையில் அப்படி யாரும் இருந்ததில்லை என்றேன்.

நீயும் அதில் வளர்ந்தவள்தான். நான்கு வயதில், "அப்பா, உங்களுக்கு ஜாம் வேணுமா?" என்று வாயெல்லாம் ஏக்கமாக நீ கேட்டதும், அவர் புட்டியை உன் பக்கம் நகர்த்தியதும் நினைவிருக்கிறதா?

மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டிருக்கிறேன். இனி கணினியிலேயே கற்றுக்கொள்வார்கள் என்று பெற்றோர்கள் சொல்கிறார்கள். கணினி காற்புள்ளியைக் கவனிக்குமா என்று தெரியவில்லை. தெருவில் அவர்கள் இன்னும் என்னை 'கமா டீச்சர்' என்றுதான் அழைக்கிறார்கள். அதாவது, தெருவுக்கு வந்தால் அழைப்பார்கள்.

நம் வீட்டுத் தொலைபேசி பழுது. இந்த நாட்களில் சரிசெய்ய ஆள் வருவதில்லை. எனவே எழுது.

உன் அம்மா

*

மே 11

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் மிகத் தாமதமாக வந்தது. தபால்காரர் வாசலுக்கு வெளியே நின்று, அதை என் காலடியில் பறக்கவிட்டுப் போனார். நாங்கள் இருவரும் நலம். தேதி போட்டுவிட்டேன், பார்த்தீர்களா?

ஹோட்டலில் எங்கள் துணி அறைக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். விருந்தாளிகளே வராதபோது படுக்கை விரிப்பை யாருக்காகத் துவைப்பது? கடைசி நாளில் எல்லா மேஜை விரிப்புகளையும் மடித்து, பூச்சி வராமல் காகிதம் சுற்றி அடுக்கினேன். ஓரம் ஓரமாகச் சேர்த்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடிதான். எப்போது பிரிப்போம் என்று மேலாளரைக் கேட்டதற்கு, "என்னைக் கேட்டா? நானே வீட்ல இருந்துதான் பேசறேன்" என்றார்.

பள்ளிக்கூடம் இல்லாவிட்டாலும் இவர் தினமும் காலையில் வேனைக் கழுவுகிறார். இவ்வளவு சுத்தமான வேனை இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பிள்ளைகள் ஒட்டிவிட்டுப் போன சூயிங்கத்தைச் சுரண்ட மட்டும் மனம் வரவில்லை என்கிறார். முன்பெல்லாம் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்காது. இப்போது காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்து ஒன்றாகச் சாப்பிட்டுவிடுகிறோம். பாத்திரம் கழுவும் வேலை மிச்சம்.

அம்மா, நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். நான் வந்து கொஞ்ச நாள் உங்களுக்குத் துணையாக இருக்கட்டுமா? இவரும் வருவார். உங்களுக்கு வசதியாக இருக்குமென்றால் மட்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்

*

மே 30

அன்பு மகளுக்கு,

நலம். உங்கள் நலம் அறிந்து மகிழ்ச்சி. இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒன்றாக்குவது வயிற்றுக்கு நல்லதல்ல; அது சோம்பல்.

துணை பற்றி எழுதியிருக்கிறாய். யார் சொல்லி எழுதினாய் என்று எனக்குத் தெரியும். உன் அத்தை நேற்றும் ஒரு தூக்குச் சட்டியில் சூப் கொடுத்தனுப்பினாள். நன்றிக் குறிப்புடன் அப்படியே திருப்பி அனுப்பினேன். பால்கனியிலிருந்து கத்தினாள்: "அண்ணி, சூப்பு குடிச்சா மானம் போயிடாது!" குடித்தால் போகாதுதான். தெரு முழுக்கக் கேட்டுவிட்டதே, அதில் போய்விட்டது.

எனக்குத் துணை தேவையில்லை. உன் அப்பா இறந்த பிறகு இத்தனை வருடங்கள் இந்த வீட்டை நான்தான் நடத்தினேன். நீ உன் வேலையை விட்டுவிட்டு வந்து என்னைக் காவல் காக்க வேண்டாம். ஓய்வு முடிந்து ஹோட்டல் திறக்கும்போது நீ அங்கே இல்லையென்றால் உன் இடத்தில் வேறொருத்தியை உட்கார வைத்துவிடுவார்கள். மேலும் முன்னறையில் விருந்தாளி இருக்கிறாள். அவளைப் போகச் சொல்வது இப்போது முடியாது. ஏன் முடியாது என்பது நீண்ட விஷயம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த நாட்களில் பல விஷயங்கள் பிடிபடவில்லை. எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று மருந்துக் கடை வரிசையில் தையல்காரர் நின்றார். உடை தொளதொளவென்று இருப்பதைப் பற்றி அவரிடம் சற்றுக் கண்டிப்பாகவே பேசினேன். பாதியில், "நான் பல் டாக்டர்ங்க" என்றார். கடிதம் போன வாரம் போட்டதா, போன மாதம் போட்டதா என்பதும் குழம்புகிறது. நீ ஹோட்டல் சலவைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாய். வீட்டில் நல்ல காகிதம் இல்லையா? கடைகள் மூடியிருக்கின்றன போலும்.

உன் அம்மா

*

ஜூலை 6

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். வீடு மாறினோம். புது முகவரி மேலே இருக்கிறது. டயர் கடைக்கு மேலே ஓர் அறை. பெருக்கித் துடைக்க எளிது. நின்ற இடத்திலிருந்தே எல்லாம் எட்டும். பெரிய சாமான்களை ஒரு தெரிந்தவர் எடுத்துக்கொண்டார். அவருக்கு அலமாரி தேவையாக இருந்தது.

வேனும் இப்போது வேறொருவரிடம் ஓடுகிறது. காய்கறி ஏற்றுகிறார்கள். இவர் நிறைய நடக்கிறார். உடம்புக்கு நல்லதுதானே. ஒருநாள் வேன் எதிரே வந்ததாம். கையைக் காட்டி நிறுத்தப் போய்விட்டு, தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தேன் என்றார். நான் சிரித்தேன். அப்புறம் அவரும் சிரித்தார்.

அம்மா, முன்னறை ஜன்னல்கள் காற்றுக்கு அடித்துக்கொள்ளுமே, இப்போது எப்படி இருக்கின்றன? இவர் மரவேலையில் கெட்டிக்காரர். மழைக்கு முன்னால் அவற்றைச் சரிசெய்ய ஆள் வேண்டுமா? பின்னாலிருக்கும் படிகளில் நீங்கள் ஏறி இறங்குவதும் எனக்குக் கவலையாக இருக்கிறது. வேண்டுமென்றால் சொல்லுங்கள், நாங்கள் வந்து சில வாரங்கள் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறோம். சமையலறையில் படுத்துக்கொண்டாலும் எங்களுக்குப் போதும். விருந்தாளிக்குத் தொந்தரவு இருக்காது.

அன்புடன்,
உங்கள் மகள்

*

ஜூலை 25

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மொழி தமிழ்தான், பொருள்தான் விளங்கவில்லை.

நல்ல வீட்டை விட்டு டயர் கடை மாடிக்கு ஏன் போனீர்கள்? சொந்த வேனை ஏன் காய்கறிக்குக் கொடுத்தார்? நானும் ஒரு குடும்பத்தை நடத்தியவள். அலமாரி "தேவைப்பட்டவருக்கு" அலமாரியைக் கொடுக்கும் தாராளம் எங்களுக்கு இருந்ததில்லை. அதையெல்லாம் நான்கு வரியில் முடித்துவிட்டு, என் ஜன்னலைப் பற்றியும் என் படிகளைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். பின்பக்கம் மூன்றே படிகள் இருக்கின்றன. ஜன்னல்கள் நன்றாக இருக்கின்றன.

உன் அத்தையிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் கம்பியில் சாய்ந்துகொண்டு, "பொண்ணு வர்றேன் வர்றேன்னு இந்தக் குதி குதிக்கறாளே, வீட்டுப் பத்திரம் எங்க வச்சிருக்கீங்க அண்ணி?" என்றாள். விளையாட்டாகச் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். முகமூடி போட்டிருந்தாள், அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆகவே நேராகவே கேட்கிறேன். நான் தள்ளாடுகிறேன் என்று நிரூபித்து இந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள வருவதுதான் நோக்கமா? வீடுதான் வேண்டுமென்றால் அப்படியே எழுது. சுற்றி வளைத்து எழுத நான் உனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

விருந்தாளிக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். முன்னறைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தட்டுகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. பயப்படாதே.

உன் அம்மா

*

செப்டம்பர் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்களுக்கும் அந்த நர்ஸுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? உடனே எழுதியிருக்க வேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

எங்களுக்கு வீடு வேண்டாம் அம்மா. அந்த நினைப்பே இல்லை. நாங்கள் நன்றாக இருக்கிறோம். இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம்.

குளிர் வரப் போகிறது. உங்களிடம் கம்பளி போதுமான அளவு இருக்கிறதா?

உங்கள் மகள்

*

செப்டம்பர் 21

அன்பு மகளுக்கு,

நலம். விருந்தாளி எழுந்துவிட்டாள். சுவை மட்டும் தெரியவில்லை என்கிறாள். என் சமையலுக்கு அது ஒருவகையில் வசதி.

"இனி தொந்தரவு செய்ய மாட்டோம்" என்ற வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் இலக்கணப் பிழை இல்லை, பிடிக்கவில்லை.

என்னிடம் கம்பளி இருக்கிறது. இரண்டு. உன் அப்பாவுடையதையும் சேர்த்து மூன்று. உன்னிடம் இல்லையா? நான் வாங்கிக் கொடுத்த நீலக் கம்பளி எங்கே?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உடனே எழுது.

உன் அம்மா

*

நவம்பர் 14

அன்பு மகளுக்கு,

சென்ற கடிதம் திரும்பி வந்துவிட்டது. உறையின் மேல் தபால்காரர், "காலி செய்துவிட்டார்கள்" என்று எழுதியிருந்தார். எங்கே என்று எழுதவில்லை. அது அவர் வேலை இல்லை. உறையை மேஜையில் வைத்துவிட்டு, பூச்சாடிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் சூப்பும் ரொட்டியும். உப்புக் கிண்ணம் விருந்தாளிப் பக்கம் இருந்தது. அவளுக்குச் சுவை தெரியாததால் நானும் சமையலில் உப்பைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். "உனக்கு உப்பு வேண்டுமா?" என்றேன். வேண்டாம் என்றாள். இரண்டு வாய் சாப்பிட்டேன். மறுபடியும் கேட்டேன். வேண்டாம் என்றாள். மூன்றாவது முறை கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பதினான்கு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வந்தவள்.

"டீச்சர், எனக்குத்தான் ருசியே தெரியலன்னு சொல்லிட்டேன். வேணும்ங்கறது உங்களுக்கு. வேணும்னு சொன்னா பல்லு கொட்டிடுமா? விதியெல்லாம் சொல்லித் தந்தீங்க, சரி. நான் இன்னிக்கு ரொம்பக் களைச்சுப் போயிருக்கேன். இன்னிக்கு நான்தான் அந்தப் புரியாத ஆளு. போதுமா?"

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வேறு ஏதோ வந்தது. எழுந்து போய் உன் கடிதங்களை எடுத்து வந்தேன். சூப்பு ஆறிப்போனது.

உங்களுக்குத் துணை வேண்டுமா, அம்மா? ஜன்னலைச் சரிசெய்ய ஆள் வேண்டுமா? படிகளில் கஷ்டமா? கம்பளி போதுமா?

நீ நான்கு முறை உப்புக் கேட்டிருக்கிறாய். நான் நான்கு முறையும், எனக்கு வேண்டாம் என்று பதில் எழுதியிருக்கிறேன். ஒருமுறை திருடி என்றும் எழுதிவிட்டேன். அந்தச் சொல்லைப் போடவில்லை, அவ்வளவுதான். ஜாம் புட்டியை உன் பக்கம் நகர்த்தியது எப்போதும் உன் அப்பா. அப்போது மேஜையில் நானும் இருந்தேன். "நேராக உட்கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தெருவைக் கடந்து உன் அத்தை வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்து, ஆவியைக் கண்டவள்போல நின்றாள். எல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் என் வாய் பழைய பழக்கத்தை விடவில்லை. "உனக்கு என் மகளோடு பேச வேண்டியிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன அண்ணி, நேத்து ராத்திரிதான் பேசினேன்" என்றாள்.

வாசலில் நின்றேன். பல் டாக்டரோ தையல்காரரோ, யாரோ ஒருவர் தெருவில் போனார். பிறகு சொன்னேன்: "எனக்கு அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிய வேண்டும். எனக்கு."

உன் அத்தை உடனே உட்காரச் சொல்லவில்லை. முதலில் அழுதாள், அதன் பிறகு ஒரேயடியாகத் திட்டினாள். "ரெண்டு பேரும் ஒரே அச்சு. அவகிட்ட, உங்கம்மாகிட்ட கேளுடின்னா, 'கேட்டுட்டேன் அத்தை, அவங்களுக்குத் தேவையில்லையாம்'ங்கறா. இது என்ன பதில்னு எனக்கு மண்டை காயுது." நீ அவளிடம், என்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாய். அவள் சொல்லிவிட்டாள். இந்த ஒருமுறை அவள் வாயை நான் குறை சொல்லப் போவதில்லை.

மூடிக்கிடக்கும் ஹோட்டலில் நீங்கள் இருவரும் காவலுக்கு இருக்கிறீர்களாம். சம்பளம் இல்லை, தங்க இடம் மட்டும். உன் துணி அறையில், நீ காகிதம் சுற்றி வைத்த மேஜை விரிப்புகளைப் பிரித்துப் போட்டுப் படுக்கிறீர்களாம். வருட முடிவில் கட்டடத்தை விற்கப் போகிறார்கள் என்றும், அதற்குப் பிறகு எங்கே என்று உங்களுக்கே தெரியாது என்றும் சொன்னாள். நீலக் கம்பளி எங்கே போனது என்று இனி நான் கேட்க மாட்டேன்.

உன் அத்தை தொலைபேசியை என் கையில் திணித்தாள். நான் வாங்கவில்லை. பேசினால் நீ மறுபடியும், "நன்றாக இருக்கிறோம் அம்மா" என்பாய். நானும், "நல்லது" என்று சொல்லி வைத்துவிடுவேன். இதை எழுதத்தான் வேண்டும்.

முதலில் சில திருத்தங்கள். ஏப்ரலில் உன் அத்தை சொன்னது சரி. முன்னறையை நான் வாடகைக்குத்தான் விட்டேன். பூச்சாடிக்குக் கீழே இருப்பது வாடகை. பாலும் ரொட்டியும் அதில்தான் வருகின்றன. வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் விடுமுறை விடவில்லை, அவர்கள் நின்றுவிட்டார்கள். தொலைபேசி பழுதாகவில்லை, நான்தான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். தையல்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு வேளையை ஒன்றாக்குவது சோம்பல் என்று உனக்கு எழுதிய அன்று நான் ஒரே வேளைதான் சாப்பிட்டேன்.

உலகம் எப்போது திறக்கும், திறந்தால் பழையபடி இருக்குமா என்பதெல்லாம் இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. நர்ஸிடம் கேட்டால், "எங்களுக்கே தெரியல டீச்சர்" என்கிறாள். வீட்டுக்குள் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது. நர்ஸ் முன்னறையிலேயே இருப்பாள். அவள் வாடகை நமக்குத் தேவை. என் படுக்கையறை உங்களுக்கு. நான் வகுப்பு நடத்திய பெரிய மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டேன். அங்கே என் கட்டில் சரியாகப் பொருந்துகிறது. நர்ஸும் உன் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள், திட்டிக்கொண்டே. ஆஸ்பத்திரித் துணி அறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னாள். கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கேட்டுப் பார்க்கலாம். நேராகக் கேட்டுப் பார்க்கலாம்.

ஜன்னல்கள் நன்றாக இல்லை. காற்றடித்தால் இரவெல்லாம் அடித்துக்கொள்கின்றன. நர்ஸ் அவற்றுக்கு நடுவே பஞ்சை வைத்து அடைத்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு மரவேலை செய்ய விருப்பமா என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஜன்னல் மூட வேண்டும். பின்பக்கத்து மூன்று படிகளில் நடுப்படி ஆடுகிறது. எனக்கு அதுவும் சரியாக வேண்டும்.

எனக்கு நீ வேண்டும். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு, பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

நீங்கள் இருவரும் எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று, தேதி போட்டு, எழுத்தில் எனக்குப் பதில் எழுது.

உன் அம்மா